கொடை நாளன்று நான் திருப்பி அனுப்பியவர்கள்

ஒரு கொடை நாளில் என் நோயாளிகளை வேண்டுமென்றே வாசலோடு திருப்பி அனுப்பினேன். அப்படித் திரும்பிப் போனவர்களில் ஒரு பெண் காலில் இரண்டு விரல்களை இழந்தார். அது அவருடைய சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்தது என்று பல வருடங்கள் அவரை நம்ப விட்டேன். இவை மூன்றும் நான் செய்தவை. முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நிம்மதியாக எழுதலாம். மிச்சத்தில் சிரிக்கவும் நிறைய இருக்கிறது.

நம் மாவட்டத்தில் புதிதாக டிஸ்பென்சரி திறந்திருக்கும் நீங்கள், இந்த வருடம் முதல் தடவையாக ஒரு நாள் வருமானத்தைக் கொடுக்கப் போகிறீர்கள். அதையொட்டி ஓர் அனுபவக் கட்டுரை வேண்டும் என்று கேட்டீர்கள். கொடுப்பதில் உள்ள மகிழ்ச்சியைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். எழுதத்தான் போகிறேன். ஆனால் அந்த மகிழ்ச்சி எனக்குச் சுற்றுவழியில்தான் வந்து சேர்ந்தது.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். வருடத்தில் ஒரு நாள், எல்லோருக்கும் ஒரே நாள். அன்று காலையிலிருந்து மாலை வரை டிஸ்பென்சரிக்கு வருவதை அப்படியே கொடுத்துவிட வேண்டும். அது கடல் கடந்து, டொக்டரின் முகத்தையே பார்க்காத தூர தேசத்துக் கிராமங்களுக்குப் போகிறது. அந்தந்த ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை நிறுத்துப் பார்க்கிறார்கள், கர்ப்பிணிகளைக் கவனிக்கிறார்கள், முற்றிய நோய்க்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். மாத்தளையில் இதைத் தொடங்கி வைத்தவர் எனக்கு மூத்த ஒரு டொக்டர் அம்மா. முதல் வருடம் ஒருவர், "மருந்து வாங்கின காசைக் கழிக்கலாமா?" என்று கேட்டார். "கழியுங்க. அன்னைக்கு நீங்க குடிச்ச டீக்காசையும் சேர்த்துக் கழியுங்க," என்றார் அம்மா. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அப்போது இன்னொரு வழக்கமும் இருந்தது. மாலையில் அம்மா வீட்டில் கூடுவோம். கட்லட், ரோல்ஸ், தேநீர் இருக்கும். அம்மா உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பெயரையும் தொகையையும் உரக்க வாசிப்பார். போட்டி வந்தால் கொடை கூடும் என்பது அவருடைய எண்ணம். கூடியதும் உண்மை. ஆனால் ஒரு டொக்டர் ஒரு நாளில் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது அவர் மனைவிக்கே முழுதாகச் சொல்லாத விஷயம். அதை அதே தெருவில் பெயர்ப்பலகை போட்டிருக்கும் மற்ற டொக்டர்கள் முன்னால் வாசித்தால் எப்படி இருக்கும்?

ஒரு வருடம் என் தொகை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும் அளவுக்குப் பெரிதாக இருந்தது.  மற்றவர்கள் கிண்டலைத் தொடங்கினார்கள்.

"மாத்தளையில ஒருத்தனுக்குத் தும்மல் வந்தாலும் இவர் வீட்டுக்குத்தான் முதல்ல தகவல் போகும் போல."

"வருமான வரிக்காரருக்கும் ஒரு கட்லட் எடுத்து வையுங்க."

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபோது அந்தச் சிரிப்பு தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

அடுத்த வருடம் கொடை நாள் நெருங்கியது. பொய்யான தொகை கொடுக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. நான் யோக்கியமானவன் என்று எனக்கு ஓர் எண்ணம். தொகை உண்மையாகவும் இருக்க வேண்டும், சிறியதாகவும் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, அன்றைக்கு வரும் கூட்டத்தைக் குறைப்பது. அதில் ஒரு பொய்யும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

என்னிடம் மருந்து கட்டிக் கொடுத்தவர் ராமையா. என்னோடு சேர்ந்து நரைத்தவர். அவரிடம், "குழந்தைகளையும் கடும் காய்ச்சல்காரரையும் மட்டும் உள்ளே விடு. மாதாமாதம் மருந்து எடுக்கும் பழைய ஆட்களை நாளைக்கு வரச் சொல்லு," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

அன்று முற்பகல் டிஸ்பென்சரி, போயா என்கிற பௌர்ணமி விடுமுறையில் மூடிக் கிடக்கும் சாராயக்கடை மாதிரி வெறிச்சோடி இருந்தது. நான் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தேன். ராமையா கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"ஐயா, கலேவெல உம்மா வந்திருக்காங்க. கால்ல கொப்புளமாம். உள்ள விடவா?"

கலேவெல உம்மா என்றால் சுலைஹா உம்மா. கலேவெலைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கத்தரியும் மிளகாயும் செய்கிற காசிம் நானாவின் மனைவி. பல வருடமாக நீரிழிவுக்கு, அதுதான் நம்மூரில் சொல்கிற சீனி வருத்தத்துக்கு, என்னிடம் மருந்து எடுப்பவர். அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்டால் தெருவில் போகிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நீரிழிவு, காலில் கொப்புளம். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவக் கல்லூரி மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். குறுக்கெழுத்துக் கட்டத்திலிருந்து பேனாவை எடுக்காமலே சொன்னேன்:

"சின்னக் கொப்புளம்தானே? நாளைக்கு வரச் சொல்லு."

ராமையா வாசலில் அவரிடம் என்ன சொன்னார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. "இன்னைக்கு ஐயா உலகத்து ஏழைங்களுக்குக் குடுக்கிற நாள் உம்மா. நாளைக்கு வாங்க," என்றிருக்கிறார். சுலைஹா உம்மா மகிழ்ந்துபோய், "அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுசக் குடுக்கட்டும்," என்று வாழ்த்திவிட்டுப் பஸ் ஏறினாராம்.

அடுத்த நாள் அவருடைய நாத்தனார் மகளின் கலியாணம். அங்கே போனார். மூன்று நாள் நின்று வேலை செய்தார், பாத்திரம் கழுவினார், பாட்டுப் படித்தார். காலை மறந்துவிட்டார். நீரிழிவுக்காரருக்குக் காலில் வலி தெரியாது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வாரம் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காசிம் நானா வந்தார். ஆள் அறைக்குள் வருவதற்கு முன்னால் வாடை வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களும் ஒரு நாள் இங்கே நிற்பீர்கள். காலைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்குத்தான் என்று என் கண் சொன்னது. மூளை வேறு கணக்குப் போட்டது. அங்கே அனுப்பினால், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பார்கள். இங்கேயே துடைத்துக் கட்டி, ஊசி போட்டு, இரண்டு நாள் பார்த்தால் ஒருவேளை ஆறிவிடலாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. நம்பமாட்டீர்கள், பஞ்சைக் கையில் எடுத்துவிட்டேன். துடைக்கவும் தொடங்கினேன்.

"பயப்படாத புள்ள. டொக்டர் கை வெச்சிட்டார்ல, சரியாகிடும்," என்றார் காசிம் நானா மனைவியிடம்.

என் கை நின்றுவிட்டது. பஞ்சைப் போட்டுவிட்டு ராமையாவைக் கூப்பிட்டு த்ரீவீல் பிடிக்கச் சொன்னேன். நானும் ஏறிக்கொண்டேன்.

தப்புச் செய்த டொக்டர் முன்னால் எப்போதும் இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள். ஒருவர் கட்டிலில் கிடப்பவர். மற்றவர் டொக்டரின் நல்ல பெயர். இரண்டாவது ஆளை முதலில் வெளியே அனுப்புங்கள். அன்று நான் பாதி வழிதான் அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டொக்டர் என்னைக் கேட்டார்: "இதற்கு முன் யாரிடமாவது காட்டினார்களா?"

"இல்லை," என்றேன்.

தள்ளுவண்டியில் கிடந்த சுலைஹா உம்மா சிங்களத்தில் அவரிடம் சொன்னார்: "என் தப்புத்தான் டொக்டர். கலியாண வேலையில காலைப் பார்க்கல்ல." அந்த டொக்டர் அவரைக் கொஞ்சம் கடிந்துகொண்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். காலும் உயிரும் தப்பின.

அதற்குப் பிறகும் அவர்கள் என்னிடம்தான் வந்தார்கள். ஒவ்வொரு மாதமும் கத்தரிக்காய், பூசணி, முருங்கைக்காய் என்று ஏதாவது ஒரு மூட்டை வரும். கூடவே காசிம் நானாவின் பகிடியும் வரும். முஸ்லிம் கலியாண வீடுகளில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்கு சஹன் என்று பெயர்.

"ஒரு சஹன் சோத்துக்கு ரெண்டு விரலக் குடுத்தவ டொக்டர் இவ," என்பார் காசிம் நானா. "அதுவும் ஆறுல ஒரு பங்குக்கு!"

அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. பயந்துபோன மனிதர் பயத்தைப் பகிடியாக்கிச் சொல்கிற மாதிரி. ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் சுலைஹா உம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, சத்தம் இல்லாமல் சிரிப்பார். தெருவைத் திரும்பிப் பார்க்கவைத்த அந்தச் சிரிப்பு போய்விட்டது.

நானும் சிரித்தேன். மாதாமாதம், காசிம் நானாவோடு சேர்ந்து. என் மூன்று தவறுகளில் எது பெரியது என்று இந்த வயதில் என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கொடை நாட்களும் வந்து போயின. யாரையும் நான் திருப்பி அனுப்பவில்லை. என் உறை மறுபடி தடித்தது. பகிடிகள் வந்தன, தாங்கிக்கொண்டேன். பணத்தைக் கூட்டிக் கொடுத்தால் தவறு கழிந்துவிடும் என்று நினைத்தேன் போலும்.

ஒரு மாதம் காசிம் நானா மட்டும் வந்தார். பூசணிக்காயை மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றார்.

"கடைசி மகளுக்குக் கலியாணம் வெச்சீக்கிறம் டொக்டர்."

"நல்ல செய்திதானே நானா."

"நல்ல செய்திதான். இவ சாப்பிட மாட்டாவாம்."

"யார், மகளா?"

"உம்மாக்காரி! அன்னையிலேருந்து எந்தக் கலியாண ஊட்டுலயும் இவ கை நனைக்கல்ல. போவா, வேலை செய்வா, பசியோட வந்திருவா. இப்ப சொந்த மகள்ட கலியாணத்துலயும் சஹன்ல குந்த மாட்டாவாம். 'என்ட நப்சு கெட்ட நப்சு, ஆச புடிச்ச மனசு, சோத்தக் கண்டா மத்ததெல்லாம் மறக்கும்'ங்கிறா. மகள் அழுறாள். நான் பகிடிக்குச் சொன்னது டொக்டர், இப்படி நெஞ்சுக்குள்ள வெச்சுக்குவான்னு கண்டனா? நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பா. அது உன்ட தப்பில்லன்னு சொல்லுங்க, போதும்."

எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'உங்கள் தப்பில்லை உம்மா, நோயின் குணம் அப்படி' என்று கனிவாகச் சொல்லியிருந்தால் என் பெயருக்கும் இன்னும் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும். சரி, சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அன்று மாலை அந்த மூத்த டொக்டர் அம்மாவிடம் போனேன். நடந்ததை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். முடிவில், இந்த வருடம் ஒரு நாளுக்குப் பதில் ஒரு மாத வருமானத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வருசமே எனக்குச் சந்தேகம் தம்பி. உன் வாசல்ல அன்னைக்கு ஒரு செருப்பு இல்ல." பிறகு கேட்டார்: "ஏன் இதை என்கிட்ட சொல்ற? எனக்குக் கால் நல்லா இருக்கே."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"கலேவெல பஸ் எங்க நிக்கும்னு தெரியுமா? தெரியாட்டி ராமையாவைக் கேளு," என்றார்.

போனேன். பஸ்ஸில் போய் இறங்கி, ஒரு த்ரீவீலில் அவர்களுடைய ஊருக்குள் போனேன். தம்புள்ளைச் சந்தைக்கு அனுப்பக் கத்தரிக்காய்களைத் தரம் பிரித்துப் பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள் இருவரும். என்னைக் கண்டதும் சுலைஹா உம்மா பதறி எழுந்து நாற்காலி தேடினார். நான் ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். தேநீர் வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அவர் கையால் தேநீர் குடித்துவிட்டால் சொல்லமாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தைக் குறைத்தது, ஏன் குறைத்தேன் என்பது, ராமையா வந்து கேட்டது, கொப்புளம் என்று தெரிந்தும் நான் நாளைக்கு வரச் சொன்னது, ஆஸ்பத்திரியில் இல்லை என்று சொன்னது. "அன்றே பார்த்திருந்தால் விரல் போயிருக்காது. இது முழுக்க முழுக்க என் தப்பு உம்மா. கலியாணத்துக்கும் சோற்றுக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை," என்றேன்.

சுலைஹா உம்மா கையில் இருந்த கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா?"

காசிம் நானா பக்கத்துக் கூடையில் கத்தரிக்காயை அடுக்கத் தொடங்கினார். 

"கேட்டீங்களாண்டு கேக்கிறன்! எத்தன வருசம்! சஹனாம், ஆறுல ஒரு பங்காம்! ஊர்ல ஒரு ஆள் பாக்கியில்லாம சொல்லிச் சிரிச்சீங்களே! இப்ப சொல்லுங்க பாப்பம்!"

"புள்ள, நான் என்னத்தக் கண்டேன்…"

"காணல்லாட்டி வாயப் பொத்திக்கிட்டு இரிக்கணும்!" என்று கத்தரிக்காயை அவர் மேல் எறிந்தார். காசிம் நானா குனிந்தார், அது பின்னால் கட்டியிருந்த ஆட்டின் மேல் பட்டது. ஆடு கத்தியது. சுலைஹா உம்மா சிரித்தார். சத்தமாக, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. என்னை மறந்து நானும் சிரிக்கத் தொடங்கினேன்.

சுலைஹா உம்மா சிரிப்பை நிறுத்தினார்.

"நீங்களும் சிரிச்சீங்களே டொக்டர்," என்றார். "இவர் அதச் சொல்றப்ப எல்லாம். எல்லாம் தெரிஞ்சுகிட்டே."

"ஓம் உம்மா."

 பிறகு இன்னொன்று கேட்டார்.

"அன்னைக்கு வேற யார யார அனுப்பினீங்க?"

எனக்குத் தெரியாது. அதையும் சொன்னேன். நான் கேட்டு வைக்கவேயில்லை. ராமையா வாசலில் எத்தனை பேரைத் திருப்பினார், அவர்கள் யாரெல்லாம், மறுநாள் வந்தார்களா என்று ஒரு தடவைகூட நான் விசாரித்ததில்லை. இத்தனை வருடம் ஒருவரை நினைத்துத்தான் வருந்தியிருக்கிறேன் என்பது அந்தக் கூடையின் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

"டீ குடிச்சிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கலியாணத்துக்குப் போனேன். ஆண்கள் பக்கம் காசிம் நானா என்னைத் தன் சஹனிலேயே உட்கார வைத்தார். "டொக்டருக்கு மாட்டிறச்சி வெச்சிடாதீங்க, கோழிய இந்தப் பக்கம் தள்ளுங்க," என்று பந்தலே அதிரக் கத்தினார். எனக்குக் கோழிக்கால் இரண்டு வந்தன. திரைக்கு அப்பால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரும் சிரிப்பு எழுந்தது. காசிம் நானா கையில் சோற்றோடு காது கொடுத்துக் கேட்டார்.

"குந்திட்டா," என்றார். "சாப்பிடுறா." பிறகு தலையைக் குனிந்து வேகவேகமாக உண்டார்.

அடுத்த கொடை நாள் மாலையில், அம்மா உறைகளைப் பிரிக்கும் முன் நான் எழுந்து எல்லார் முன்னாலும் இதைச் சொன்னேன். கட்லட் தட்டு கைமாறாமல் நின்றது. என்ன நடக்குமோ என்று நான் இருக்க, மூலையில் இருந்த ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"நான் கொடை நாள்ல மட்டும் காசு வாங்கமாட்டேன். 'நாளைக்குத் தாங்க'ன்னு சொல்லிடுவேன்."

இன்னொருவர், "எனக்கு வருசா வருசம் அன்னைக்கு மட்டும் வயிற்றுவலி," என்றார்.

"நான் பகலுக்குப் பிறகுதான் கதவைத் திறப்பேன்," என்றார் மூன்றாமவர்.

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு அவரால்தான் முதலில் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று அந்த வீட்டில் நாங்கள் சிரித்த சிரிப்பு மாத்தளையில் பல தெருக்களுக்குக் கேட்டிருக்கும். "என் வாயாலதான் இதெல்லாம். போட்டி வரணும்னு நான்தானே வாசிச்சேன்," என்றார் அம்மா. அன்றிலிருந்து உறைகள் வாசிக்கப்படுவதில்லை. பெயர் எழுதாமல் ஒரே பாத்திரத்தில் போடுகிறோம். இப்போது உங்கள் தொகையை யாரும் கேட்காததன் காரணம் இதுதான். அதன்பிறகு வந்த மொத்தம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

சுலைஹா உம்மா அதற்குப் பிறகு என்னிடம் மருந்துக்கு வரவில்லை. கலேவெலையில் புதிதாக வந்திருந்த ஒரு பெண் டொக்டரிடம் மாறிவிட்டார் என்று காசிம் நானா தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பிள்ளையும் உங்களோடு சேர்ந்து இதைப் படிப்பாள். எனக்கு வலித்தது. சரிதான் என்றும் பட்டது.

ஆனால் அடுத்தடுத்த கொடை நாட்களில் வேறொன்று நடந்தது. காலையில் என் டிஸ்பென்சரி வாசலில் காசிம் நானாவின் மரக்கறி லொறி வந்து நின்றது. பின்னால் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், குந்தியிருந்தவர்கள், பிள்ளையை மடியில் வைத்திருந்தவர்கள் என்று ஊரில் பாதி இறங்கியது. முன் இருக்கையிலிருந்து சுலைஹா உம்மா இறங்கி, ராமையாவின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ராமையா தம்பி, இன்னைக்கு யாரயும் அனுப்ப ஏலா. நான் பாத்துக்கிட்டு ஈக்கிறன்."

"நான் எங்க உம்மா அனுப்பினேன்," என்றார் ராமையா பரிதாபமாக.

மாலை வரை அவர் அங்கேயே இருந்தார். வரிசையைச் சண்டை பிடித்து ஒழுங்குபடுத்தினார். சுகமாக இருந்தவர்களைக்கூட, "உனக்கும் ஏதாவது இரிக்கும், போய்க் காட்டு," என்று உள்ளே தள்ளினார். அவர் மட்டும் உள்ளே வரவில்லை.

நான் டிஸ்பென்சரியை மூடுவதற்கு முந்திய கடைசிக் கொடை நாளும் அப்படித்தான் போனது. லொறியில் வந்தவர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். ராமையா ஜன்னலைச் சாத்தத் தொடங்கியிருந்தார். கதவு திறந்தது. சுலைஹா உம்மா உள்ளே வந்து, நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தார்.  அவருடைய காலைப் பார்க்க நான் குனியப் போனேன்.

"காலை அந்தப் பிள்ளைக்கிட்டத்தான் காட்டுறன்," என்றார். "காது அடைச்சீக்கு. அதப் பாருங்க."

விளக்கைத் திருப்பிக் காதைப் பார்த்தேன். என் வாழ்நாளில் ஒரு காதை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்:

"இந்தக் காசு எங்க டொக்டர் போகுது?"

சொன்னேன். டொக்டர் இல்லாத தூரத்து ஊர்களைப் பற்றி, வீடு வீடாகப் போகும் பெண்களைப் பற்றி.

"அவங்க ஊட்டுக்கே போய்ப் பாக்கிறதா?"

"ஓம்."

"காலையும் பாப்பாங்களா? கொப்புளம் கிப்புளம் இருந்தா?"

"பார்ப்பார்கள். அன்றைக்கே பார்ப்பார்கள்."

"அப்ப நல்லம்," என்றார்.

காதில் கொஞ்சம் குறும்பி இருந்தது. பேருக்குத்தான். அதை மெல்ல எடுத்துவிட்டேன். அவர் பணத்தை மேசையில் வைத்தார். வேண்டாம் என்று பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன். "இன்னைக்கு வாங்கத்தான் வேணும்," என்று கையைத் தட்டிவிட்டார்.

"இப்ப நல்லாக் கேட்குதா உம்மா?"

"கேக்குது," என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. "முன்னயும் நல்லாத்தான் கேட்டிச்சு."